ஈயச்சொம்பு ஏன் உருகவில்லை?

கும்பகோணத்துப் பக்கம் ஈயச்சொம்பு இருக்கிற வீடுகளில் அதனோடு ஒரு மிரட்டலும் சேர்ந்தே இருக்கும். "வெறும் சொம்ப அடுப்புல வெச்சுடாத, ஓட்ட விழுந்துடும்." அடுப்படிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லப்படும் பாடம் இது. கூடவே இன்னொரு விதியும் உண்டு. ரசத்தை அந்தச் சொம்பிலேயே கொதிக்கவிடலாம். ஆனால் தாளிப்பை மட்டும் இரும்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் சுவாலையோ ஆயிரம் டிகிரியைத் தாண்டியது. கணக்குப்படி பார்த்தால் ரசம் வைக்கிற ஒவ்வொரு நாளும் சொம்பு உருகி பர்னர் மேல் வழிந்திருக்க வேண்டும். வழியாததற்குக் காரணம் உள்ளே இருக்கிற தண்ணீர். கொதிக்கத் தொடங்கிய தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிப் போகாது. கீழிருந்து ஏறுகிற சூட்டையெல்லாம் ஆவியாவதற்கே செலவழித்துவிடும். ஒரு கிராம் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். கொதித்த அதே ஒரு கிராமை முழுக்க ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். அதனால் ரசம் இருக்கிறவரை சொம்பின் அடிப்பாகம் நூற்றுச் சொச்சத்திலேயே நின்றுவிடும். எண்ணெய்க்கு இப்படி ஒரு கடிவாளம் கிடையாது. கடுகு வெடிக்கிற எண்ணெய் சுலபமாக இருநூறை நெருங்கும், கவனிக்காமல் விட்டால் தாண்டும். தாளிப்புக்குத் தனிக் கரண்டி வந்தது அதனால்தான்.

சமையலறையே இப்படிப்பட்ட கட்டளைகளால் ஆன இடம். கீரையை மூடிவைத்து வேகவிடாதே. புளியை முதலிலேயே ஊற்றாதே. கொதிக்கிற பாலில் உறை ஊற்றாதே. மாவை விளிம்பு வரை ஊற்றி வைக்காதே. ஒவ்வொன்றும் எப்போதோ யாரோ கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை. கேள்வி தொலைந்துபோய், விடை மட்டும் உத்தரவாக நிற்கிறது. சமையலை வைத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருவதென்றால், தொலைந்த அந்தக் கேள்வியைத் தேடி எடுத்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இட்லியில் நடப்பது நொதித்தல், பூரியை உப்பவைப்பது நீராவி என்று பாத்திரத்துக்குப் பாத்திரம் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நொதித்தல் என்ற சொல்லைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதிவிட்டு, மார்கழியில் மாவு ஏன் பொங்கவில்லை என்று கேட்டால் விழிக்கிற பிள்ளைகள் நிறைய.

யூடியூபில் பார்த்து எல்லா வீட்டிலும் செய்கிற ஆப்பசோடா எரிமலையும் இந்த வகைதான். வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும், கைதட்டலாம், படம் எடுக்கலாம். பிறகு? எதையும் மாற்றிப் பார்க்கவில்லை, எதையும் அளக்கவில்லை. வாணவேடிக்கையாக ரசிக்கலாம், அவ்வளவுதான்.

ஈயச்சொம்பையே எடுத்துக்கொண்டால், அதைப் பரிசோதனைக்கு வைக்க வேண்டாம். விலை ஒருபக்கம் இருக்கட்டும்; வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்றால், பிள்ளைகள் உடம்பில் காரீயம் எவ்வளவு குறைவாகச் சேர்ந்தாலும் கேடுதான். அதே விஷயத்தை ஒரு காகிதத் தொன்னையில் பார்த்துவிடலாம். சாதாரண நோட்டுத் தாளை மடித்துத் தொன்னையாக்கி, பாதி தண்ணீர் ஊற்றி, இடுக்கியால் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரின் மேல் பெரியவர் ஒருவர் காட்ட வேண்டும். காகிதம் தீப்பிடிப்பது ஏறக்குறைய 230 டிகிரியில். தாளுக்குத் தாள் கொஞ்சம் மாறும். வெள்ளீயம் உருகுகிற சூட்டுக்கு வெகு அருகில் அது இருப்பது தற்செயல், ஆனால் நமக்கு வசதி. தொன்னையின் அடியில் கரி படியும், தண்ணீர் சூடாகும், தாள் எரியாது. சுடர் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பட்டால் மட்டும் அந்த இடம் கருகும். எந்த இடம் கருகியது, எது வரை கருகியது என்று பிள்ளை தானாகக் கவனித்துச் சொல்லும் வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெற்றோருக்கு உண்டான கஷ்டமான வேலை.

இதன் அடுத்த படி பெரியவர்களையே மடக்கிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அடுப்பைக் கூட்டினால் உருளைக்கிழங்கு சீக்கிரம் வேகுமா? கேட்டுப் பாருங்கள், வீட்டில் பாதிப் பேர் "ஆமாம்" என்பார்கள். சில நூறு ரூபாய்க்குச் சமையல் வெப்பமானி கிடைக்கிறது. (காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை இதற்கு எடுத்துவிடாதீர்கள், அது 42 டிகிரி வரைக்குமானது, உடைந்துபோகும்.) சின்னத் தீயில் கொதிக்கும்போது ஒருமுறை, பெரிய தீயில் கொதிக்கும்போது ஒருமுறை அளந்தால் எண் அசையாது. கூட்டின தீயெல்லாம் ஆவியாக ஜன்னல் வழியே போகிறது. கேஸ் விலை பற்றிய பேச்சும் அங்கேயே நடந்துவிடும்.

அப்படியானால் குக்கரில் மட்டும் எப்படிச் சீக்கிரம் வேகிறது? அழுத்தம் கூடினால் கொதிநிலையும் ஏறும். குக்கரின் வெயிட் தூக்குகிற நேரத்தில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீர் கொதிப்பது 120 டிகிரி வாக்கில். சமையலில் நடக்கிற மாற்றங்கள் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பு வேகம் எடுக்கும் என்பது வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு. இருபது டிகிரிக்கு நாலு மடங்கு. இதை முதலில் செய்து காட்டியவர் தெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர், 1679-இல், லண்டனில். வெடித்துவிடாமல் இருக்க வெயிட் வைத்த வால்வையும் அவரே பொருத்தினார். 1682-இல் அவர் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு அந்தப் பாத்திரத்தில் சமைத்து விருந்தே போட்டார். எலும்புகூடப் பாலாடைக்கட்டிபோல் மெத்தென்று ஆகியிருந்தது என்று விருந்துக்குப் போன ஜான் எவலின் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நாம் விசில் எண்ணுகிறோமே, அந்த விசில் முன்னூறு வருஷத்துக்கு முந்தையது.

எதிர்த்திசையில் போனால் ஊட்டி. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பாத்திரத்தில் பருப்பைப் போட்டவர்கள் காத்துக்கிடக்க வேண்டியதுதான். மலைக்குச் சுற்றுலா போகும்போது வெப்பமானியையும் பையில் போட்டுக்கொண்டால், விடுதியில் டீ போடுகிற கெட்டிலிலேயே இதை அளந்துவிடலாம்.

இனி புளி. என்னைக் கேட்டால், நம் சமையலறையில் பிள்ளைகளுக்கான ஆகச் சிறந்த பரிசோதனை இதுதான். செலவில்லை, ஆபத்து குறைவு, முடிவு கண்ணுக்குத் தெரியும். "புளி ஊத்திட்டா காய் வேகாது" என்பது சாம்பார் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். உண்மையா? ஒரே உருளைக்கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் ஒன்றைக் கெட்டிப் புளித்தண்ணீரிலும் போட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு குச்சியால் குத்திப் பார்த்து எழுத வேண்டும்.

கேட்பதற்கு எளிது. செய்யும்போதுதான் வேடிக்கை. முதல் தடவை எந்தப் பிள்ளையும் துண்டுகளை ஒரே அளவாக வெட்டாது. ஒரு பாத்திரம் அலுமினியம், இன்னொன்று எவர்சில்வர் என்று எடுத்துவரும். ஒரு பர்னர் பெரியது, ஒன்று சின்னது. முடிவு குழம்பிப்போகும். குழம்பட்டும். "ரெண்டுக்கும் நடுவுல புளி மட்டும்தான் வித்தியாசமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அடுத்த முறை பிள்ளையே அளவுகோலைக் கொண்டுவந்து கிழங்கின் மேல் வைக்கும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்கிற விதியை ஆய்வுக்கூடத்தில் பாடமாகக் கேட்டதைவிட, ஒரு பரிசோதனை சொதப்பி அதனால் கற்றுக்கொண்டது பிள்ளைக்கு மறக்காது.

காரணம் காய்களின் செல் சுவரில் இருக்கிறது. செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். சூட்டில் அது கரைந்து இளகும்போது காய் வெந்துவிட்டது என்கிறோம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தச் சாந்தைச் சுலபத்தில் இளகவிடாது. வத்தக்குழம்பில் சுண்டைக்காயும் வெங்காயமும் நெடுநேரம் கொதித்தும் குழைந்துபோகாமல் முழுசாக இருப்பதும் இந்த வழியில்தான். ஆக, புளியை எப்போது ஊற்றுவது என்பது காயை எந்தப் பதத்தில் நிறுத்துவது என்று முடிவெடுப்பதும் ஆகும். போர்வெல் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்கும் பெக்டின்தான் காரணம். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதை இறுக்கிக் கட்டிவிடுகின்றன. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் குழைந்துவிடும், உண்மைதான். ஆனால் பருப்பில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அதில் அழியும். கடை வாட்டர் கேன் தண்ணீர் ஒரு பாத்திரம், போர்வெல் தண்ணீர் ஒரு பாத்திரம் என்று வைத்துப் பார்க்கிற பிள்ளைக்குத் தன் ஊர்த் தண்ணீரைப் பற்றிய ஒரு தகவல் கையில் வந்துவிடுகிறது.

கீரை விஷயம் சின்னது. மூடி போட்டால் கீரையிலிருந்து கிளம்புகிற அமில ஆவி உள்ளேயே சுற்றும். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும். பச்சை போய்ப் பழுப்பாகும். திறந்துவைத்தால் ஆவி போய்விடும். அரைக்கட்டுக் கீரை மூடியோடு, அரைக்கட்டு மூடியில்லாமல். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இட்லி மாவுக்குப் பொறுமை வேண்டும். உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு வருகிற பாக்டீரியாக்களே மாவைப் புளிக்கவைக்கின்றன, யாரும் தனியாக உறை ஊற்றுவதில்லை. மாவைப் பொங்கவைப்பதில் முக்கிய வேலை லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டீஸ் என்ற பாக்டீரியாவுடையது என்று 1965-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் அது விடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு உப்பவைக்கிறது. வாயுவைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் கொழகொழப்பு. வெறும் அரிசி மாவைக் கரைத்துவைத்தால் புளிப்பு ஏறும், பொங்காது. இதையும் ஒரு சின்ன டம்ளரில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உளுந்து எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அதுவே சொல்லும்.

செய்முறையில் ஒரு தந்திரம். ராத்திரி அரைத்து வைத்தால் மாவு பொங்குகிற நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அரைத்துவிட வேண்டும். மூன்று கண்ணாடி டம்ளர்களில் பாதி வரை மாவு, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு. ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று மேடையில், ஒன்று வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தின் நடுவில். மணிக்கொரு தரம் அளந்து எழுதினால், முதல் சில மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், பிறகு கிடுகிடுவென்று ஏறும், பிறகு நின்றுவிடும். மறந்துபோய் விட்டால் அமுங்கவும் செய்யும். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் ஓர் உயிரினக் கூட்டத்தின் வளர்ச்சிக் கோடு இருக்கும். ஃபிரிட்ஜ் டம்ளர் அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் பனிக்காலத்தில் மாவுப் பாத்திரத்தை ஓவன் அடுப்புக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுவது ஏன் என்று விளக்க வேண்டியதே இல்லை.

கை ராசி என்று ஒன்று சொல்வார்கள். "அத்தை கரைச்சாதான் மாவு பொங்கும்." இதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். அத்தை கையால் கரைத்த டம்ளர் ஒன்று, கரண்டியால் கரைத்தது ஒன்று, அப்பா கரைத்தது ஒன்று. எந்த டம்ளரில் எது என்று அடியில் ரகசியமாக எண் எழுதி வைத்து, அளக்கிறவருக்குச் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. மருந்துகளைச் சோதிக்கிறவர்கள் செய்வதும் இதே காரியம்தான். முடிவு எப்படி வந்தாலும் அத்தை கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மஞ்சள் நம் வீட்டில் இருக்கிற நிறங்காட்டி. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்ததும் ரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. பள்ளிச் சட்டையில் சாம்பார்க் கறை சோப்பு பட்டதும் சிவப்பதும் அதுவேதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும், சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரப் பொருள்களில் சிவக்கும். சிவந்த ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். இதைப் பல பெரியவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். மத்திய அரசின் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் மஞ்சளும் செம்பருத்தியும் பாடமாகவே வந்திருக்கின்றன. ஆனால் வகுப்பில் அதை வாசித்துவிட்டு வருகிற பிள்ளை ஆரத்தியோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. பாடம் ஒரு பெட்டியில், வீடு ஒரு பெட்டியில். மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த தாள் துண்டுகளில் சோப்புத் தண்ணீர், தயிர், ஆப்பசோடா, சாம்பல் தண்ணீர் என்று ஒவ்வொரு சொட்டு வைத்துப் பார்த்தால் இரண்டு பெட்டியும் திறக்கும். பாத்திரம் தேய்க்க ஏன் சாம்பல் என்பதும் அந்த வரிசையில் தெரிந்துவிடும். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள் கையாள வேண்டும். கண்ணில் பட்டால் விபரீதம்.

முட்டையும் உப்பும் பற்றி ஒன்று. நல்ல முட்டை பச்சைத் தண்ணீரில் மூழ்கும், உப்பு போட்டுக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேலே வரும். அடர்த்திப் பாடம் என்று இங்கேயே நிறுத்திவிடாமல், இதை வைத்து நம் விவசாயிகள் விதை நெல் பொறுக்குவதையும் சொல்லலாம். முட்டையின் தலை நாலணா அளவுக்கு வெளியே தெரிகிற உப்புக்கரைசலில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணிகளும் மிதக்கும். அவற்றை வாரி எறிந்துவிட்டு, அடியில் தங்கிய கனமான விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுப்பார்கள். அடர்த்தியை அளக்கும் கருவியாக ஒரு கோழிமுட்டை!

சமையலறையில் கிடைப்பதெல்லாம் பிள்ளைகளுக்கான எளிய அறிவியல், உண்மையான அறிவியல் ஆய்வுக்கூடத்தில் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஆக்னஸ் போக்கெல்ஸின் கதை அதற்கு நல்ல மறுப்பு. 1862-இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் உடம்பு முடியாத பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலை செய்தவர். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் மேற்பரப்பை என்ன செய்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தபோது வயது பதினெட்டு. தகரத் தொட்டி ஒன்றைத் தானே அமைத்துக்கொண்டு பத்து வருஷம் அளந்தார். 1891-இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் அதை நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பிவைக்க, அதே ஆண்டு அச்சாகியது. மேற்பரப்பு வேதியியல் என்ற துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அந்தக் கழுவுதொட்டி. தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை நடுவில் வைத்தால் தூள் ஓரத்துக்கு ஓடுமே, அந்த விளையாட்டைக் காட்டும்போது இவரைப் பற்றியும் சொல்லலாம்.

இதை அம்மாவும் பெண்ணும் மட்டும் செய்கிற காரியமாக ஆக்கிவிடக் கூடாது என்பதற்கும் இவர் கதை உதவும். பையன் ஆய்வுக்கூடத்துக்கு, பெண் அடுப்படிக்கு என்ற பழைய பிரிவினைக்குப் புதுச்சாயம் பூசுவதாக இது முடிந்துவிடக் கூடாது. உருளைக்கிழங்கைப் பையனும் வெட்டட்டும், பாத்திரத்தையும் அவனே கழுவட்டும்.

மிளகாயையும் விட்டுவிட முடியவில்லை. காரமாகச் சாப்பிட்டால் நாம் "எரியுது" என்கிறோம். உடம்பும் அதையேதான் நினைக்கிறது. மிளகாயின் கேப்சைசின் போய் ஒட்டுவது, 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்கிற அதே நரம்பு உணர்வியில் (ரிசெப்டர்). 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு அதைக் கண்டுபிடித்தது, 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் தயிர். எரிச்சல் அடங்க எத்தனை நிமிஷம் என்று பந்திக்குப் பந்தி எண்ணலாம்.

ஒரு எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது. சமையலறை அறிவியல் என்று ஆரம்பித்தால் வாட்ஸப்பில் வருகிற "முன்னோர் ஒன்றும் முட்டாள் இல்லை" வகைச் செய்திகள் பின்னாலேயே வரும். ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு விஞ்ஞானக் காரணம் ஒட்டப்பட்டிருக்கும். முன்னோர் முட்டாள்கள் இல்லைதான், ஈயச்சொம்பும் விதை நெல்லும் அதற்குச் சாட்சி. ஆனால் அவர்கள் சொன்ன எல்லாமே சரியாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்கிறார்கள். உண்மையில் உப்பு கொதிநிலையை ஏற்றுகிறது, அதுவும் லிட்டருக்கு 58 கிராம் கொட்டினால் ஒரு டிகிரி அளவுக்கு. சமையலில் போடுகிற உப்புக்கு அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. கிரகணத்தன்று உலக்கை செங்குத்தாக நிற்கிற படங்கள் ஒவ்வொரு கிரகணத்துக்கும் சுற்றும். சமதளமான அடி இருந்தால் உலக்கை எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும். வேறு நாளில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, அதுதான் சங்கதி. தர்ப்பை போட்ட பாத்திரம், போடாத பாத்திரம் என்று இரண்டை கிரகணத்தன்று வைத்து மறுநாள் முகர்ந்து பார்க்க ஒரு பிள்ளை கேட்டால், விட்டுவிட வேண்டும். புளி விஷயத்தில் பாட்டி ஜெயித்தார், உலக்கையில் தோற்றார் என்று இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிய பிள்ளைக்குத்தான் அறிவியல் வந்திருக்கிறது.

வேலைக்குப் போய்விட்டு வந்து அவசரமாகச் சமைக்கிற வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். தினமும் நடக்காது, நடக்கவும் வேண்டாம்; இன்னொரு டியூஷனாக ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். தேவை ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், ஒரு கடிகாரம். குக்கர், கொதிக்கிற எண்ணெய், கத்தி மூன்றும் பிள்ளையின் வயதைப் பார்த்துத்தான். பதில் தெரியாத கேள்வி வந்தால் கூகுளுக்கு ஓடாமல் "பார்க்கலாமா?" என்று சொல்லிப் பழக வேண்டும். அதற்கு எனக்கே ரொம்ப நாள் ஆயிற்று.

எங்கள் வீட்டு நோட்டில் ஒரு பக்கம். தோசைக்கல் சூடேறிவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்களே, அதை அளக்கலாம் என்று மகள் சொன்னாள். கல்லில் சொட்டு ஓடிப்போகிறது என்பதால் பழைய இரும்புப் பணியாரக் கல்லை எடுத்தோம், குழியில் நிற்குமே. ஒரு சொட்டு மறைய எத்தனை விநாடி? கல் சூடேற ஏற 9, 5, 2 என்று இறங்கியது. எதிர்பார்த்ததுதான். தீயை இன்னும் கூட்டிவிட்டுக் காத்திருந்து அடுத்த சொட்டை விட்டாள். 31 என்று எழுதினாள். கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்திருப்பாய் என்று சொல்லிவிட்டேன். "இன்னொரு தடவை விடறேன், நீங்க பாருங்கப்பா" என்றாள். 28. சொட்டு கொதிக்கவே இல்லை. குழிக்குள் பாதரசம் மாதிரி உருண்டு உருண்டு ஆடிக்கொண்டிருந்தது.

ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் பார்த்து எழுதிவைத்தது இதைத்தான். உலோகம் ஏறக்குறைய இருநூறு டிகிரியைத் தாண்டினால், சொட்டின் அடிப்பாகம் தொட்ட கணமே ஆவியாகி, அந்த ஆவி மெத்தைபோல் சொட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கல்லின் சூடு நேராக ஏறாது, சொட்டுக்கு ஆயுசு கூடிவிடும். இதையெல்லாம் நான் அப்புறம்தான் சொன்னேன். அன்றைக்கு அவள் 31-க்கும் 28-க்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அடுத்த குழியில் எண்ணெய் தடவினால் என்ன ஆகும் என்று கேட்டாள்.